வசந்தி அக்கா கஞ்சி போட்ட ஜக்கெற்

போன கிழமை மார்க்கம் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் வரிசையில் நின்றேன். கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெடியன் ஒரு ஏப்ரன் கட்டியிருந்தான். தடித்த டெனிம் துணி, நீலமும் வெள்ளையுமாக மெல்லிய வரி. புத்தம் புதுசு. ஆனாலும் எங்கிருந்தோ பழைய உடுப்பின் மணம் என் மூக்குக்குள் வந்துவிட்டது. நம்பமாட்டீர்கள், நான் கையை நீட்டி அந்த ஏப்ரனின் ஓரத்தைப் பிடித்து, இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். பெடியன் பாவம், திடுக்கிட்டுப் பின்னால் போனான். "ஸொறி தம்பி, நல்ல துணி," என்றேன். அவனுக்குத் தமிழ் விளங்கியதோ என்னவோ, "இது ஹிக்கரி ஸ்ரைப், பழைய அமெரிக்க வேலைக்காரர் போட்ட துணி" என்று ஆங்கிலத்தில் எனக்குப் படிப்பித்தான். எனக்கு! சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பியை வாங்கி வந்தேன். வெளியில் காருக்குள் இருந்து தனியாகச் சிரித்தேன்.

அந்தத் துணியை நான் எத்தனை மாதம் கத்திரிக்கோலால் வெட்டி எறிந்திருக்கிறேன் என்று அந்தப் பெடியனுக்குத் தெரிந்திருந்தால் கோப்பி தந்திருக்கமாட்டான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரிலிருந்து வந்து ஒரு குளிர்காலம் கண்டிருந்தேன். ஸ்காபரோவில் பழைய உடுப்புத் தரம் பிரிக்கிற ஒரு பெரிய வெயர்ஹவுசில் பின்னேர ஷிப்ற். சனங்கள் தருமத்துக்குப் போட்ட உடுப்பெல்லாம், கனடாவின் நாலு பக்கத்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும், இறுக்கிக் கட்டிய பேல்களாக லொறியில் வந்து இறங்கும். கம்பியை வெட்டினால் பேல் ஒரு பெருமூச்சு விட்டுப் பொங்கும். அந்த மணத்தை எப்படிச் சொல்ல? பூச்சி உருண்டை, யாரோ ஒருவரின் சவர்க்காரம், நிலவறை ஈரம், நாய் மயிர், எல்லாம் சேர்ந்த மணம். முதல் கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் கிழமை, பேலுக்கு மேலேயே ஏறி இருந்து புட்டும் மாசிச் சம்பலும் சாப்பிட்டேன். மனுசர் எதுக்கும் பழகிவிடுவார்கள்.

பெல்ற்றில் உடுப்பு ஓடி வரும். நாங்கள் பதினைந்து இருபது பெண்கள் இரண்டு பக்கமும் நின்று பொறுக்கிப் பொறுக்கிப் போடுவோம். இது குளிர்க் கோட், இது பிள்ளைகள் உடுப்பு, இது ஆபிரிக்காவுக்குப் போகிற பருத்தி. ஒன்றுக்கும் ஆகாதது "வைப்பர்". அதாவது தெறியையும் சிப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, துணியைத் துண்டு துண்டாக்கிப் பொதி பண்ணினால், கார் திருத்துகிறவர்கள் எண்ணெய் துடைக்க வாங்குவார்கள். தெறி என்றால் பட்டன்தான். நாங்கள் யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்லுவோம், இன்னமும் எனக்கு அதுதான் வாயில் வருகிறது.

வைப்பர் மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவ வசந்தி அக்கா. என்னைவிடப் பத்து வயது மூப்பு. மெலிந்த ஆள், ஆனால் கை மிஷின். வாய் அதைவிடப் பெரிய மிஷின். "எடியே, உந்தக் கத்திரிக்கோலை என்ன பூப்பறிக்கிற மாதிரிப் பிடிக்கிறாய்? இறுக்கிப் பிடியடி!" என்றுதான் எங்கள் சினேகிதம் தொடங்கியது.

அமெரிக்காவிலிருந்து வந்த பேல்களில் அடிக்கடி அந்த நீலவரித் துணி வரும். தோளில் பட்டி வைத்த ஓவரோல், நாலு பொக்கெற் வைத்த ஜக்கெற். தடிப்பென்றால் அப்படித் தடிப்பு, கிறீசும் சேறும் பிடித்து நிற்கும். முதல் நாளே வசந்தி அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டா. "உது மெத்தைத் துணி." எங்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஊரில் பஞ்சு மெத்தைக்கு உறை தைக்கிறது இதே நீலவரித் துணியில்தானே. மெத்தைத் துணியில் காற்சட்டை தைத்துப் போடுகிற ஆட்களும் இருக்கினமே என்று எங்களுக்குப் பெரிய பரிதாபம். "அமெரிக்காவிலும் ஏழைகள் இருக்கினம் பிள்ளை," என்று அக்கா உச்சுக் கொட்டிக்கொண்டே கர்ர்ர் என்று வெட்டுவா. கூடவே நானும் வெட்டுவேன்.

ஒரு நாள் ஷிப்ற் தொடங்குகிற நேரம், முதலாளி ஒரு ஜப்பான்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லி, கண்ணாடி, வயது சொல்லவே ஏலாது. அவருடைய பெயர் எங்கள் வாய்க்கு வசப்படவில்லை, அதனால் "ஜப்பான் தம்பி" என்று ஆக்கிவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, அவர் எங்கள் சிவா அண்ணையைவிட மூப்பு. சிவா அண்ணை எங்கள் ஷிப்ற்றின் சுப்பர்வைசர், மானிப்பாய் ஆள். ஜப்பான் தம்பி வைப்பர் தொட்டியைக் கடந்து போனவர், திடீரென்று ஏதோ கத்திக்கொண்டு தலைகீழாகத் தொட்டிக்குள் பாய்ந்தார். கால் இரண்டும் மேலே. நாங்கள் எல்லாரும் "ஐயோ, விழுந்திட்டார்!" என்று ஓடினோம். விழவில்லை. ஒரு நீலவரிக் காற்சட்டைக் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். கால் மட்டும்தான், மற்றதெல்லாம் நாங்கள் வெட்டியாகிவிட்டது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம்.

அங்கே பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஏ.எல். வரை படித்தவள் நான் ஒருத்திதான். அந்த ஒரே தகுதியில் என்னை மொழிபெயர்ப்பாளர் ஆக்கினார்கள். அவருடைய ஆங்கிலம் அரைவாசி, என்னுடையது கால்வாசி, மிச்சம் முழுக்கக் கை, கால், படம். அவர் ஒரு பைல் வைத்திருந்தார். உள்ளே பழைய அமெரிக்கப் படங்கள். கரி எஞ்சினுக்குப் பக்கத்தில் மீசைக்காரர்கள், தலையில் நீலவரித் தொப்பி, உடம்பில் நீலவரி ஜக்கெற். ரெயில் ஓட்டுகிறவர்கள், கரி அள்ளிப் போடுகிறவர்கள், தண்டவாளம் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் உடுப்பாம். நீல நூலும் வெள்ளை நூலும் மாறி மாறி ஓடுகிற நெசவு. வெறும் வெள்ளையில் புகைக்கரி பட்டால் தெரியும், வரியில் பட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் சூட்சுமம். ஹிக்கரி என்பது அமெரிக்காவில் நிற்கிற ஒரு வைரம் பாய்ந்த மரம், துணியும் அப்படிக் கிழியாது என்று அந்தப் பெயர். இடது நெஞ்சில் இருக்கிற சின்னப் பொக்கெற் சங்கிலி மணிக்கூடு வைக்க. ரெயில்காரனுக்கு நேரம் பிசகக்கூடாதே. இன்னொரு வகை, தூரத்தில் பார்த்தால் வெள்ளை வரி, கிட்டப் பார்த்தால் வரிசையாகப் புள்ளி. அது நெசவு இல்லை, நீலத் துணியில் சாயத்தை எடுத்துப் புள்ளி போட்டது. அது கிடைத்தால் தனக்குப் புதையல் என்றார். பிறகு வயல் செய்கிற கமக்காரரும் தச்சரும் அதையே போட்டார்களாம், ஜப்பானில் இப்போது இளம் பெடியள் அலைந்து தேடுகிறார்களாம்.

நான் எல்லாவற்றையும் பெருமையாக மொழிபெயர்த்து முடித்தேன். கடைசியாக ஒன்று சொன்னார், மெத்தை உறைத் துணியும் இந்தத் துணியும் ஒரு வகையில் சொந்தக்காரர்தான் என்று. வசந்தி அக்கா உடனே, "பார்த்தியளோ, நான் அப்பவே சொன்னனான்!" என்று இடுப்பில் கை வைத்தா. வெட்டினதுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அன்றைக்கே முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. இப்படியான பழங்காலத்து உடுப்புக்கென்று தனியாக ஒரு மேசை, கண் கூர்மையான ஒரு ஆள், பகல் ஷிப்ற் மட்டும். ஜப்பான் தம்பி அடுத்த முறை வரும்போது அவரவர் எடுத்து வைத்ததைக் காட்டட்டும், யாருடைய கண் நல்லதென்று அவரே சொல்லட்டும் என்றார். பகல் ஷிப்ற் என்ற சொல்லைக் கேட்டதும் வசந்தி அக்காவின் கத்திரிக்கோல் நின்றது. அதுவரைக்கும் அது நின்று நான் பார்த்ததில்லை.

ஏனென்று சொல்லவேணும். அக்காவுக்கு ஒரே மகள், துஷா. முதலாம் வகுப்பு. மல்வேர்னில் ஒரு அடுக்குமாடியில் இருந்தார்கள். புருசனுக்கும் பின்னேர வேலைதான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அக்கா எங்களோடு பெல்ற்றில் நிற்பா. பக்கத்து வீட்டுச் செல்வி அன்ரிதான் போய்க் கூட்டிக்கொண்டு வந்து, சாப்பாடு குடுத்து, நித்திரையாக்கி வைப்பா. பிள்ளை தாயைக் காண்கிறது காலையில் மட்டும்தான். "காலமை அம்மா எண்டால் என்ன தெரியுமோ? சீப்பால தலை இழுக்கிற அம்மா, 'கெதியா, கெதியா' எண்டு பேசுற அம்மா. அவளுக்கு என்னை வேற ஒண்டாத் தெரியாது," என்று அக்கா ஒருமுறை சொன்னா. மற்றத் தாய்மார் பள்ளிக்கூட வாசலில் நிற்பினமாம், துஷா தினமும் வந்து யார் யாருடைய அம்மா வந்தவ என்று பெயர் சொல்லுவாளாம். பகல் ஷிப்ற்றுக்கோ பெரிய வரிசை. பழைய ஆட்கள் எல்லாரும் முன்னால். அந்த மேசைதான் வழி.

அதற்குப் பிறகு அக்கா பெல்ற்றைப் பார்த்த பார்வையே வேறு. கடைசியில், ஜப்பான் தம்பி வருகிறதுக்கு முதல் நாள், ஒரு பேலின் அடியிலிருந்து ஒரு ஜக்கெற்றை இழுத்தா. கறுப்புத் தார்க் கட்டி மாதிரி, அவ்வளவு கிறீஸ். ஜக்கெற்றின் அக்குள் பக்கத்தை விரித்துப் பார்த்தா. மடிப்புக்குள், கிறீஸ் போகாத இடத்தில், வெள்ளைப் புள்ளி வரிசை. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம். "சிவா அண்ணை, இதை வீட்டை கொண்டு போய்த் தெறி ஒண்டைச் சரிப்பண்ணிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டா. அவரும் "ஓம், கொண்டு போங்கோ," என்றார். என்ன நடக்கப் போகிறதென்று யாருக்குத் தெரியும்?

அடுத்த நாள் அக்கா சேலைக் கடைப் பை ஒன்றோடு வந்தா. வெளியில் எடுத்து விரித்தா பாருங்கோ! ஜக்கெற் பளபளவென்று நீலம். புள்ளி வரி ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கலாம். துஷாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சவர்க்காரம் போட்டு மூன்று தண்ணி அலசி, சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, இஸ்திரிப் பெட்டி போட்டு மடிப்பு எடுத்திருந்தா. ஜக்கெற் பிடியாமல் தானாக நின்றது. துருப்பிடித்த பழைய தெறிகளைக் கழற்றிவிட்டு, புது வெள்ளைச் சேட்டுத் தெறி வைத்துத் தைத்திருந்தா. "அழுக்குத் துணியைத் தூக்கி ஒரு வெளிநாட்டுக்காரன்ர கையில குடுக்கிறதோ? எங்களை என்ன நினைப்பான்?" என்றா. எங்கள் எல்லாருக்கும் அது சரியென்றே பட்டது. "கலியாணத்துக்கே போடலாம்!" என்றார் சிவா அண்ணை. நானும் "என்ன வடிவு அக்கா" என்றேன்.

ஜப்பான் தம்பி வந்தார். பகல் ஷிப்ற்காரர் எடுத்து வைத்ததையெல்லாம் பார்த்துத் தலையாட்டினார். பிறகு எங்கள் ஜக்கெற். முதலில் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் தெறியைப் பார்த்தார். மலர்ந்தது அப்படியே வாடிப்போனது. கழுத்துப் பட்டியை மூக்கில் வைத்து மோந்தார். "றைஸ்?" என்றார். "யெஸ், யெஸ், றைஸ்," என்று அக்கா பெருமையாகச் சொன்னா. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னுடைய தாயும் கோடைக்கால உடுப்புக்குச் சோற்றுப் பசைதான் போடுவாவாம். ஆனால் சிரித்துவிட்டு, எனக்கு மெதுவாக விளங்கப்படுத்தினார்.

"என்னடி சொல்லுறார்?"

"அழுக்கோட இருந்திருக்க வேணுமாம் அக்கா. அந்தக் கிறீஸ்தான் விசேசமாம்."

"விசரோ இவருக்கு?"

பிறகு அவர் கேட்டார், பழைய தெறி எங்கே? அது இல்லாமல் இந்த ஜக்கெற் தனக்கு வேண்டாம். இரவு விமானம், இன்னும் கொஞ்ச நேரம்தான் நிற்பேன் என்றார். அக்காவின் முகம் வெளிறிப்போனது. எறியவில்லை, அக்கா எதையும் எறியாத ஆள். வீட்டில், தெறி சேர்த்து வைக்கிற ரின்னுக்குள் போட்டுவிட்டா.

சிவா அண்ணை கார்த் திறப்பை எடுத்தார். மூன்று பேரும் மல்வேர்னுக்குப் பறந்தோம். அக்காவும் நானும் ஓட்டமாக மேலே போனோம். ரின் அக்கா வீட்டில் இல்லை. செல்வி அன்ரி வீட்டில், துஷாவின் மடியில் இருந்தது. பெரிய பால்மா ரின். வைப்பர் மேசையில் நாங்கள் வெட்டி எறிகிற தெறியில் வடிவானதையெல்லாம் அக்கா மாதக் கணக்கில் பொறுக்கிக் கொண்டுவந்து பிள்ளைக்குக் குடுத்திருந்தா. விளையாட்டுச் சாமான் என்று வாங்கிக் குடுத்தது குறைவு, இதுதான் அவளுடைய சொத்து. பள்ளிக்கூடத்தால் வந்து நிலத்தில் பரப்பிக் கடை வைத்திருந்தாள்.

"அம்மா! வந்திட்டீங்களோ! இண்டைக்கு வேலை இல்லையோ?"

"இருக்கம்மா. உடன போகோணும்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

அக்கா பக்கத்தில் போனா. குனிந்து தெறிகளை அள்ளினா. துஷாவும் சேர்ந்து அள்ளினாள், அழவில்லை. வாசலில் மட்டும் கேட்டாள், "திருப்பிக் கொண்டு வருவீங்களோ?" "கொண்டு வருவன் ராசாத்தி, கட்டாயம் கொண்டு வருவன்."

காரில் ரின்னை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தா. "எடியே, எனக்கு இந்த மேசை கிடைக்கோணுமடி. கிடைக்காட்டி என்னால ஏலாது, சொல்லிப்போட்டன்," என்றா. நான் கையைப் பிடித்தேன். எனக்கும் அழுகை வந்தது. சிவா அண்ணை முன்னால் வேகத்தைக் கூட்டினார்.

வெயர்ஹவுசில் ரீ நேரம். ரின்னை மேசையில் கவிழ்த்தோம். பெரிய குவியல். எங்கள் பெண்கள் எல்லாரும் ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வளைத்து நின்றார்கள். பொறுக்கிப் பிரிக்கிறது எங்களுக்குப் படிப்பிக்க வேணுமோ? பிளாஸ்ரிக் ஒரு பக்கம், எலும்புத் தெறி ஒரு பக்கம், செப்பு, பித்தளை, இரும்பு. கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடின, ஒரே கலகலப்பு. "இந்தா நட்சத்திரம்!" "இந்தா கை குலுக்கிற படம்!" "இது எழுத்து!" கொஞ்ச நேரத்தில் நாலு தெறி, புகைவண்டி எஞ்சின் பொறித்தது, பின்னால் வளையத்தோடு. அந்தக் காலத்தில் தோய்க்கும்போது கழற்றி வைக்கத்தான் அந்த வளையம் என்று பிறகு அறிந்தேன். அக்கா கழற்றினதில் பிழையே இல்லை.

நாலும் கிடைத்ததும் நாங்கள் கைதட்டினோம். ஜப்பான் தம்பி கைதட்டவில்லை. அவர் மிச்சக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தெறியை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். இதெல்லாம் எங்கே கிடைத்தது என்று என்னைக் கேட்டார். "நாங்கள் வெட்டியது," என்றேன். "ஜக்கெற்?" என்றார். நான் கையால் கத்திரிக்கோல் மாதிரிக் காட்டினேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பேலில் இருந்துவிட்டார். அந்த மேசையில் கிடந்தது முழுக்க, அவர் ஊர் ஊராகத் தேடித் திரிகிற ரெயில்காரரின் ஜக்கெற்றுகள். எல்லாம் எண்ணெய் துடைத்து முடிந்துவிட்டது. பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அதைப் பார்த்து எங்களுக்கும் அடக்க ஏலவில்லை.

சிரிப்பு முடிய, முழு ரின்னும் தனக்கு வேணும் என்றார். முதலாளியும் வந்துவிட்டார், "குடு, குடு" என்று கையைக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் அக்காவின் முதுகில் குத்தினார்கள், "குடுமன், மேசை உனக்குத்தான்!" அக்கா எஞ்சின் தெறி நாலையும் எடுத்து ஜக்கெற்றின் மேல் வைத்தா. மிச்சத்தை இரண்டு கையாலும் ரின்னுக்குள் வழித்துப் போட்டு மூடியை அடித்து இறுக்கினா.

"இது அவற்ற ஜக்கெற்றின்ர. உது என்ர பிள்ளையின்ர. திருப்பிக் கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். சொல்லடி அவருக்கு."

சொன்னேன். என்னுடைய கால்வாசி ஆங்கிலத்தில், மகள், விளையாட்டு, அம்மா சொன்ன சொல், மன்னிக்கவும், என்று என்னவெல்லாமோ. ஜப்பான் தம்பி எழும்பி நின்றார். இடுப்பு வரைக்கும் குனிந்து அக்காவை வணங்கினார். அக்கா வெட்கத்தில் நெளிந்தா. பிறகு முதலாளி பக்கம் திரும்பி, நான் மொழிபெயர்க்கவே தேவையில்லாத மாதிரி, இந்தப் பெண்ணிடம் மேசையைக் குடுங்கள், கத்திரிக்கோலை மட்டும் வாங்கிவிடுங்கள் என்றார்.

அடுத்த கிழமை அக்கா பகல் ஷிப்ற். நாங்கள் உள்ளே போகிற நேரம் அவ வெளியில் வருவா. கதைக்க நேரமில்லை, பஸ்ஸுக்கு ஓட்டம். "எடியே, போட்டு வாறன், போட்டு வாறன்" என்ற குரல் மட்டும் தூரத்தில் கேட்கும். முதல் நாள் துஷா பள்ளிக்கூட வாசலில் நின்ற அக்காவைக் கடந்து செல்வி அன்ரியைத் தேடிக்கொண்டு போய்விட்டாளாம். பிறகு நின்று, திரும்பிப் பார்த்து, புத்தகப் பையை அப்படியே பனிக்குள் போட்டுவிட்டு ஓடி வந்தாளாம். இதை அக்கா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறா. ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சொல்லுவா.

அந்த வெயர்ஹவுஸ் இப்போது இல்லை. அந்த இடத்தில் சனங்கள் சாமான் பூட்டி வைக்கிற கட்டடம் ஒன்று நிற்கிறது. பெல்ற் இல்லை, பேல் இல்லை. முதலாளி செத்துப்போனார். சிவா அண்ணை எங்கேயோ மேற்குப் பக்கம் போய்விட்டார். ரெயில்காரரின் பழைய ஜக்கெற் தருமப் பேலில் வருகிற காலமும் போய்விட்டது. இப்போது அதை வைத்திருக்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

இந்த வருசம் துஷாவின் மகனுக்குப் பிறந்தநாள். ஸ்ரௌவ்வில் பக்கம் வாங்கிய புது வீட்டில் வைத்தாள். நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேக் சாப்பிட்டோம். துஷாவுக்கு வேலை அதிகம், பிள்ளையை நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு வர முடிகிறதில்லை என்று யாரோ ஒரு சினேகிதியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்ர அம்மா அப்படி இல்லை. எப்பவும் ஸ்கூல் வாசலில நிண்டவ. எவ்ரி சிங்கிள் டே. நான் வெளியில வரேக்க அவ இல்லாத ஒரு நாள்கூட எனக்கு ஞாபகம் இல்லை."

நான் வாயைத் திறந்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து இறுக்கினா. எழுபதை நெருங்குகிற மனுசிக்கு இன்னமும் அந்தப் பிடி.

"ஓம் பிள்ளை," என்றா, "எப்பவும்தான்."